குதிரையை அவிழ்த்த கைகள்: ஊர் திரும்பும் தலைவர்கள், பாட்டு, கேலிச்சித்திரம்

யாழ்ப்பாணத்து அரசியல் மேடையில் சேர் பொன்னம்பலம் இராமநாதனின் பெயர் வந்தால், அடுத்த வாக்கியத்தில் குதிரை வண்டியும் வந்துவிடும். 1915 கலவரத்தின்போது இராணுவச் சட்டத்தின் பெயரால் சிங்களத் தலைவர்கள் சிறையில் அடைக்கப்பட்டார்கள். ஹென்றி பேதிரிஸ் என்ற இளைஞர் சுட்டுக் கொல்லப்பட்டார். முதல் உலகப்போர் நடந்துகொண்டிருந்த நேரத்தில் இராமநாதன் கப்பலேறி லண்டனுக்குச் சென்று அந்த அநீதிக்கு எதிராக வாதாடினார். அவர் கொழும்புத் துறைமுகத்தில் வந்திறங்கியபோது சிங்களத் தலைவர்கள் வண்டியிலிருந்து குதிரைகளை அவிழ்த்துவிட்டு, தாங்களே நுகத்தைப் பிடித்து அவரை வீடுவரை இழுத்துச் சென்றார்கள்.

நூறு ஆண்டுகளுக்கு மேலாக இந்தக் காட்சி சொல்லப்பட்டு வருகிறது. தமிழ்ப் பேச்சாளர்கள் பெருமைக்காகச் சொன்னார்கள். பிறகு மனக்குறைக்காகச் சொன்னார்கள். 'எங்கள் தலைவரை அன்று தோளில் சுமந்தீர்கள், இன்று எங்களுக்கு என்ன செய்கிறீர்கள்' என்று கேட்பதற்கு இதைவிட வசதியான காட்சி கிடைக்காது. ஆனால் அந்த வண்டி எங்கிருந்து வந்தது, ஒரு தலைவரின் வருகையைக் கொண்டாட மக்கள் ஏன் குதிரையின் இடத்தில் போய் நிற்கிறார்கள், அந்தக் கொண்டாட்டத்தைப் பாட்டு எப்படிப் பதிவு செய்கிறது, கேலிச்சித்திரம் எப்படிப் பதிவு செய்கிறது என்பவை நம்மிடையே அதிகம் பேசப்படுவதில்லை.

குதிரையை அவிழ்த்துவிட்டு வண்டியை ஆட்கள் இழுப்பது பிரித்தானியாவின் பழைய தேர்தல் வழக்கம். பதினெட்டாம், பத்தொன்பதாம் நூற்றாண்டுகளில் வெற்றி பெற்ற வேட்பாளரையும், போர் முடித்துத் திரும்பிய தளபதியையும், மக்கள் மனம் கவர்ந்த நடிகரையும்கூட இப்படித்தான் கௌரவித்தார்கள். காலனி ஆட்சியோடு அந்த வழக்கமும் கப்பலேறி நம் பக்கம் வந்தது. வந்த இடத்தில் அதற்கு இன்னோர் உறவு காத்திருந்தது. நல்லூரிலோ மாவிட்டபுரத்திலோ தேர்வடம் பிடித்தவருக்கு, ஒரு வாகனத்தை மனிதர்கள் கூடி இழுப்பது என்ன என்று விளக்கம் வேண்டியதில்லை. ஆங்கிலேயருக்குத் தேர்தல் ஆரவாரமாக இருந்த செயல் நம்மிடம் வந்தபோது தேரோட்டமாக மாறியது. வண்டியில் இருந்தவர் உற்சவமூர்த்தியின் இடத்தைப் பெற்றார்.

இராமநாதனுக்கு முன்னரே இதற்கு ஒரு பெரிய ஒத்திகை நடந்தது. சிக்காகோவில் பேசிப் புகழ்பெற்ற சுவாமி விவேகானந்தர் தாயகம் திரும்பியபோது முதலில் கால் வைத்தது இந்திய மண்ணில் அன்று. 1897 ஜனவரி 15 அன்று அவர் கொழும்பில் இறங்கினார். அங்கே வரவேற்புப் பத்திரம் வாசித்தளித்தவர் இராமநாதனின் தமையனார் பொ. குமாரசுவாமி. அதே மாதத்தில் யாழ்ப்பாணம் வந்தார்; வண்ணார்பண்ணையில் இந்துக் கல்லூரியில் பேசினார். யாழ்ப்பாணத்து இந்துக்கள் வாசித்தளித்த பத்திரம் அவருடைய சொற்பொழிவுத் தொகுப்பில் இன்றும் இருக்கிறது. இங்கிருந்து பாம்பன் போனபோது இராமநாதபுரம் மன்னர் பாஸ்கர சேதுபதியே குடிமக்களோடு சேர்ந்து அவருடைய வண்டியை இழுத்தார். ஆக, இந்தியாவுக்கான அந்தப் புகழ்பெற்ற வருகையின் முதல் அத்தியாயம் நம் தீவில்தான் எழுதப்பட்டது. கொழும்புத் துறைமுகத்தில் குதிரைகளை அவிழ்த்தவர்களுக்கு லண்டன் வழக்கமும் தெரிந்திருக்கும், இந்தச் செய்தியும் எட்டியிருக்கும் என்றே நினைக்கிறேன்.

பாட்டின் பக்கம் வருவோம். தமிழில் ஊர் திரும்புவதைப் பாடும் மரபு மிகப் பழையது. சங்க இலக்கியத்தின் முல்லைத் திணை முழுவதும் வினை முடித்துத் திரும்பும் தலைவனின் தேர்தான் ஓடுகிறது. அகநானூற்றின் நான்காவது பாட்டில் வருகிறவன், பூவில் தேனுண்ணும் வண்டுகள் கலைந்துவிடக் கூடாதென்று தேர்மணியின் நாவைக் கட்டி ஒலியை அடக்கி வருகிறான். பின்னாளில் வந்த உலா இலக்கியத்தில் அந்த அடக்கம் போய்விட்டது. மன்னன் வீதியில் பவனி வர, பேதை முதல் பேரிளம்பெண் வரை ஏழு பருவத்துப் பெண்களும் பார்த்து மயங்குவார்கள். உலாவில் வருகிறவர் எதுவும் பேசுவதில்லை. எதற்காகப் போனார், என்ன சாதித்து வந்தார் என்று எவரும் கேட்பதுமில்லை. அவர் வருகிறார், பார்ப்பவர்கள் நெகிழ்கிறார்கள், அவ்வளவுதான் கதை. யாழ்ப்பாணத்தின் வரவேற்புப் பாக்கள் இந்த உலாவின் நேர் வாரிசுகள்.

பழைய வீடுகளின் விறாந்தையில் கண்ணாடிச் சட்டமிட்டுத் தொங்கும் வாழ்த்துப் பத்திரங்களை ஒருமுறை நின்று வாசித்துப் பாருங்கள். சுற்றிலும் பூக்கொடி வேலைப்பாடு. மேலே பிள்ளையார் சுழி அல்லது 'சிவமயம்'. அதன் கீழே வருகிறவரின் பெயரும் பட்டங்களும் பெரிய எழுத்தில். பிறகு நான்கு அல்லது ஐந்து விருத்தங்கள். முதல் விருத்தம் ஊர்ச் சிறப்பு, இரண்டாவது குடிப்பெருமை, மூன்றாவது கல்வி, நான்காவது கொடை, கடைசியில் 'வாழி' என்று முடியும் வாழ்த்து. அடியில் வலப்பக்கம் 'இங்ஙனம், ஊர் மக்கள்'. மிகச் சிறிய எழுத்தில் அச்சகத்தின் பெயர். மலாயாவில் உத்தியோகம் பார்த்து ஓய்வுபெற்று வந்தவருக்கும் நீதிபதியாகி வந்தவருக்கும் அரசாங்க சபைக்குத் தெரிவாகி வந்தவருக்கும் ஏறத்தாழ இதே அமைப்புத்தான். பாடிய புலவரின் கை தேர்ந்த கை. எதுகை ஒன்றுகூடப் பிசகாது. ஆனால் பெயரை மாற்றிவிட்டால் பாட்டு இன்னொருவருக்கும் பொருந்தும். இதைக் குறையாகச் சொல்லவில்லை. வாழ்த்துப்பா வருகிறவரை அளந்து சொல்ல எழுதப்படுவதில்லை. அவரை ஊரோடு மறுபடி சேர்த்துக்கொள்ள எழுதப்படுகிறது. நிறைகுடம், குத்துவிளக்கு, ஆலாத்தி, மேளம் ஆகியவற்றுக்கு உள்ள வேலைதான் அதற்கும்.

கேலிச்சித்திரத்தின் வேலை வேறு. வருகிறவரின் கையில் என்ன இருக்கிறது என்று அது பார்க்கும். யார் வரவேற்கிறார்கள், யார் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள், மாலைக்கு யார் காசு கொடுத்தார்கள் என்றும் பார்க்கும். இதற்கு நல்ல எடுத்துக்காட்டு 1820இல் இங்கிலாந்துக்குத் திரும்பிய அரசி கரோலின். நான்காம் ஜோர்ஜின் மனைவியான அவர் கணவரைப் பிரிந்து ஆறு ஆண்டுகள் ஐரோப்பாவில் இருந்துவிட்டு, மாமனார் இறந்து கணவர் அரியணை ஏறியதும் 'நானே அரசி' என்று சொல்லி ஜூன் 5 அன்று டோவர் துறைமுகத்தில் வந்திறங்கினார். மன்னருக்கு அவரைக் கண்ணில் காட்டக் கூடாது. தெருவில் இருந்த மக்களுக்கோ மன்னரைப் பிடிக்காது. அதனால் அரசியைத் தலையில் வைத்துக் கொண்டாடினார்கள். அச்சிட்ட ஒற்றைத்தாள் பாட்டுகள் காசுக்கு விற்றன. சித்திரக் கடைகளின் கண்ணாடி முன்னால் கூட்டம் கூடியது. அந்தச் சித்திரங்களின் வலு எவ்வளவு என்பதற்கு ஒரு சான்று போதும்: மன்னரை ஒழுக்கக்கேடான எந்த நிலையிலும் வரைவதில்லை என்று உறுதி தந்ததற்காக ஜோர்ஜ் குரூக்ஷாங்க் என்ற ஓவியருக்கு அதே ஆண்டு ஜூனில் அரண்மனைத் தரப்பிலிருந்து 100 பவுண் கொடுக்கப்பட்டது. பணத்தை வாங்கிக்கொண்ட பிறகும் அவருடைய பேனா ஓயவில்லை என்பது வேறு கதை.

பிரான்சில் ஆட்சியாளர்கள் பாட்டுக்கும் அஞ்சினார்கள். மக்கள் பாடகர் பெராஞ்ஜே தம்முடைய பாட்டுகளுக்காக இரண்டு தடவை சிறை சென்றார். ஆனால் 1835இல் கொண்டுவரப்பட்ட சட்டம் அச்செழுத்தை விட்டுவிட்டுச் சித்திரத்துக்கும் நாடகத்துக்கும் முன்தணிக்கை விதித்தது. ஐந்து ஆண்டுகள் கழித்து நெப்போலியனின் உடல் சென்ட் ஹெலனா தீவிலிருந்து பாரிசுக்கு வந்து சேர்ந்தபோது, அந்தப் பெரும் ஊர்வலத்தை வாழ்த்திப் பாட எவருக்கும் தடை இருக்கவில்லை. கேலியாக வரைய முடியாது.

நம்மிடம் கேலிச்சித்திரம் பாரதியின் கையால் வந்தது. 1906இல் தொடங்கிய 'இந்தியா' வார இதழில் அவர் அதை வாராவாரம் பயன்படுத்தினார். பிரித்தானிய அரசின் நெருக்குதலால் இதழ் புதுச்சேரிக்குப் போய் 1910இல் நின்றுபோனது. 1912 டிசம்பரில் வ. உ. சிதம்பரம்பிள்ளை கண்ணனூர்ச் சிறையிலிருந்து வெளியே வந்தார். கப்பல் ஓட்டியவர், செக்கிழுத்தவர், அவர் கைதானபோது திருநெல்வேலியே கொந்தளித்தது. விடுதலையான நாளில் சிறை வாசலில் நின்றவர்கள் சுப்பிரமணிய சிவா உள்ளிட்ட மிகச் சிலரே. வாழ்த்துப் பாட்டுக்குக் கூட்டம் வேண்டும், கூட்டம் இல்லை. அந்த வெறுமையைப் படமாக வரைந்து தமிழரின் முன்னால் நீட்டியிருக்கக்கூடிய ஒரே பத்திரிகை இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே மூடப்பட்டுவிட்டது. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது. கூட்டம் வராத வருகையைப் பதிவு செய்யக் கேலிச்சித்திரத்தைவிடப் பொருத்தமான கலை வேறில்லை.

இலங்கையில் சுதந்திரத்தை ஒட்டிய காலம் ஆங்கிலப் பத்திரிகைக் கேலிச்சித்திரத்தின் பொற்காலம். ஓப்ரி கொலெட் என்ற பறங்கிய ஓவியர் சேனநாயக்காக்களையும் பண்டாரநாயக்காவையும் சேர் ஜோன் கொத்தலாவலையையும் விடாமல் வரைந்தார். எல்லாவற்றையும் ஓரத்தில் நின்று பார்க்கும் 'சிற்றிசன் பெரேரா' என்ற சாதாரண மனிதனையும் உருவாக்கினார். பின்னால் டபிள்யூ. ஆர். விஜேசோமவின் 'புஞ்சி சிங்ஞோ' வந்தான். இரண்டு பெயர்களிலும் சிங்கள மணம். வரிசையில் நிற்கும் அந்தச் சாதாரண மனிதன் தெற்கத்தியவன்; அவன் பார்வையில் தமிழ்த் தலைவர்கள் வடக்கிலிருந்து கோரிக்கையோடு வருகிறவர்கள், அல்லது வடக்குக்குத் திரும்பிப் போகிறவர்கள். யாழ்ப்பாணப் புகையிரத நிலையத்தில் அந்தத் தலைவர்கள் இறங்கும் காட்சியை யாழ்ப்பாணத்தானின் கண்ணால் வரைய ஓர் ஆள் வேண்டியிருந்தது.

அந்தக் கண் சிரித்திரன் சுந்தரிடம் இருந்தது. கரவெட்டியில் பிறந்து பம்பாயில் கலை பயின்று வந்த சி. சிவஞானசுந்தரம், 1960களில் கொழும்பில் 'சிரித்திரன்' இதழைத் தொடங்கினார். பிறகு அது யாழ்ப்பாணத்துக்கு இடம் மாறியது. மாட்டுவண்டிச் சவாரியில் பைத்தியமான சவாரித்தம்பரும், மைனர் மச்சானும், மிஸிஸ் டாமோடிரனும் எங்கள் ஒழுங்கைகளில் நடமாடிய மனிதர்கள். சீதனம், வெளிநாட்டு மோகம், போலிக் கௌரவம், சாதித்திமிர் எதையும் அவர் விட்டுவைக்கவில்லை. 'என்ன கொண்டுவந்தாய்' என்று ஊர் திரும்பியவனிடம் கேட்கும் யாழ்ப்பாணத்துப் பார்வையை அவரைவிட அறிந்தவர் இல்லை.

இருந்தும் என் மனத்தில் நிற்கும் சிரித்திரன் பக்கங்கள் சமூகத்தைப் பார்த்துச் சிரித்தவைதான்; ஊர்வலமாக வரும் தலைவர்களைப் பார்த்துச் சிரித்தவை அல்ல. நம் மற்றப் பத்திரிகைகளிலும் இதே நிலைதான். 1947இல் தோன்றிய 'சுதந்திரன்' தமிழரசுக் கட்சியின் குரல்; அதன் அம்புகள் கொழும்பை நோக்கியே பறந்தன. ஒடுக்கப்படும் சமூகம் தன் தலைவனைத் தானே கேலி செய்யத் தயங்கும் என்பது எனக்கு விளங்குகிறது. ஜி. ஜி. பொன்னம்பலம், சிங்களவருக்குப் பாதி இடம், மற்ற இனத்தவருக்குப் பாதி இடம் என்ற சம பிரதிநிதித்துவக் கோரிக்கையோடு லண்டன் போய்த் திரும்பி, 1948இல் டி. எஸ். சேனநாயக்காவின் அமைச்சரவையில் சேர்ந்தார். போனபோது கையில் இருந்ததும் திரும்பியபோது கையில் இருந்ததும் என்று இரண்டு கட்டங்களில் ஒரு சித்திரம் போதும். முழு ஐம்பதுக்கு ஐம்பது அரசியலும் அதற்குள் அடங்கிவிடும். அந்த விவாதத்தை நாங்கள் மேடைப்பேச்சில் நடத்தினோம். கூட்டம் கலைந்ததும் பேச்சும் கலைந்துவிட்டது.

மேடையில் பேச்சுக்கு முன்னால் பாட்டு இருந்தது. தமிழரசுக் கட்சிக் கூட்டங்களில் மங்கையர்க்கரசி அமிர்தலிங்கம் பாடுவதைக் கேட்கவே வந்தவர்கள் உண்டு. தேர்தல் நாட்களில் புகழ்பெற்ற சினிமா மெட்டுகளில் வேட்பாளரின் பெயரைக் கோத்து, காரில் ஒலிபெருக்கி கட்டி, சந்திக்குச் சந்தி பாடினார்கள். 1970களில் இன்னொன்று சேர்ந்தது: தலைவர்கள் ஊருக்குள் வரும்போது இளைஞர்கள் விரலைக் கீறி அவர்கள் நெற்றியில் இரத்தத் திலகமிட்டார்கள். ஆலாத்தியும் குங்குமமும் இருந்த இடத்தில் இரத்தம் வந்து நின்றது. வரவேற்பு என்பது வாழ்த்தாக இருந்த நிலை மாறி, வாங்கிக்கொள்ளும் வாக்குறுதியாகிவிட்டதற்கு அதைவிடத் தெளிவான அடையாளம் இல்லை. திலகமிட்ட கைகள் சில ஆண்டுகளில் அந்தத் தலைவர்களையே கேள்வி கேட்டன. அதன் பிறகு நடந்தவை யாழ்ப்பாணத்தில் எல்லோரும் அறிந்தவை.

இங்கே இராமநாதனின் வண்டியை இன்னொரு பக்கத்திலிருந்தும் பார்க்க வேண்டும். 1915 கலவரத்தில் அடிபட்டவர்கள் முஸ்லிம்கள். அவர்களுடைய கடைகள் எரிந்தன, பள்ளிவாசல்கள் தாக்கப்பட்டன. இராமநாதன் வாதாடியது இராணுவச் சட்டத்தின் கொடுமைக்கு எதிராக. அது நியாயமான வாதம். ஆனால் அவருடைய வருகையைக் கொண்டாடிய அந்தத் தெருவில் முஸ்லிம்கள் எங்கே நின்றார்கள் என்று நம் மேடைகள் கேட்டதில்லை. பின்னாளில் இலங்கையின் அரசியலமைப்பைச் சீர்திருத்த வந்த டொனமூர் ஆணைக்குழுவின் காலத்தில் அவர் சர்வசன வாக்குரிமையை எதிர்த்தவர் என்பதையும் இந்தக் கதையோடு சேர்த்துச் சொல்வதில்லை. மருதனார்மடத்தில் பெண்களுக்குக் கல்லூரி கட்டியவர்தான். அந்தப் பெண்களின் வாக்கு என்று வந்தபோது தயங்கினார். இராமநாதனின் பெருமை இதனால் அழிந்துவிடாது. வண்டிக்குப் பின்னால் நின்றவர்களையும் காட்டும் ஒரு படம் நம்மிடம் இருந்திருந்தால், அவரை முழு மனிதராக அறிந்திருப்போம்.

1987இல் யாழ்ப்பாணம் கண்ட வருகை வேறு விதமானது. ஜூலை 29 அன்று இந்திய - இலங்கை ஒப்பந்தம் கையெழுத்தானது. புது டில்லியில் ஹோட்டலில் வைக்கப்பட்டிருந்த பிரபாகரன் ஆகஸ்ட் 2 அன்று விமானத்தில் யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுவரப்பட்டார். இரண்டு நாள் கழித்துச் சுதுமலை அம்மன் கோவில் முன்றலில் பெருங்கூட்டத்தின் நடுவே பேசினார். அதே நாட்களில் இந்தியப் படையினருக்கும் நம் மக்கள் மாலை போட்டு, நிறைகுடம் வைத்து, ஆலாத்தி எடுத்தார்கள். அக்டோபர் 10 அன்று போர் தொடங்கியது. சுதுமலைக்கும் போருக்கும் இடையே பத்து வாரங்கள்கூட இல்லை. ஒரே படலையில் வைத்த இரண்டு நிறைகுடங்கள் ஒன்றையொன்று பொய்யாக்கின. போர் தொடங்கிய நாளிலேயே யாழ்ப்பாணத்துப் பத்திரிகை அச்சகங்கள் குண்டு வைத்துத் தகர்க்கப்பட்டன. வரைந்தாலும் அச்சிட இயந்திரம் இல்லை.

அந்தப் படையின் ஊர் திரும்பலும் வரலாற்றில் தனியானது. 1990 மார்ச்சில் கடைசி இந்தியச் சிப்பாய்கள் சென்னைத் துறைமுகத்தில் இறங்கியபோது, தமிழ்நாட்டின் முதலமைச்சர் கருணாநிதி வரவேற்பு நிகழ்ச்சிக்குப் போகவில்லை. ஈழத் தமிழர்கள் மீது நடந்த கொடுமைகளுக்குப் பிறகு அந்தப் படையை வரவேற்க முடியாது என்பது அவருடைய நிலை. இந்தியா முழுவதும் அது பெரும் சர்ச்சையாயிற்று. சிப்பாய் கட்டளைக்குப் பணிந்து போனவன் என்ற வாதத்துக்கும் நியாயம் உண்டு. ஆனாலும் வீட்டைப் பறிகொடுத்து, யாழ்ப்பாண வைத்தியசாலையில் அந்தப் படை நடத்திய படுகொலையை அறிந்து வாழ்ந்த நம் மக்களுக்கு, அந்த மேடையில் ஆளில்லாமல் கிடந்த முதலமைச்சரின் இடம் எந்த வாழ்த்துப்பாவும் தராத ஆறுதலைத் தந்தது.

அதே ஆண்டு ஜூனில் மறுபடி போர். யாழ்தேவி ரயில் நின்றது, மின்சாரம் நின்றது, பொருளாதாரத் தடை வந்தது. அக்டோபர் இறுதியில் யாழ்ப்பாணத்து முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளால் சில மணி நேரத்தில் வெளியேற்றப்பட்டார்கள். அவர்கள் ஆண்டுகள் பல கழித்து ஒவ்வொரு குடும்பமாகச் சோனகத் தெருவுக்குத் திரும்பியபோது தோரணம் கட்டியவர் யார்? வாழ்த்துப்பா எழுதக் கை தேர்ந்த ஊர் இது. அந்த வருகைக்கு ஒரு விருத்தமாவது நாம் எழுதியிருக்க வேண்டும்.

பாட்டுக்கும் சித்திரத்துக்கும் இடையே யாழ்ப்பாணத்தில் ஏற்பட்ட ஏற்றத்தாழ்வுக்கு மனத்தயக்கமும் அச்சமும் மட்டும் காரணமில்லை. பொருட்களும் காரணம். சித்திரத்துக்குத் தாள் வேண்டும், மை வேண்டும், அச்சு வேண்டும். தடைக்காலத்தில் வெள்ளைத் தாள் கிடைக்காமல் கோடு போட்ட அப்பியாசக் கொப்பித் தாளில் நாளிதழ் வந்தது. செய்திக்கே இடம் போதவில்லை. பாட்டுக்கு அந்தச் சிக்கல் கிடையாது. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவிலிருந்து வயர் இழுத்து வானொலிப் பெட்டிக்குக் கொடுத்தால் பாட்டு வந்துவிடும். சுற்றும் வேகம் குறைந்தால் பாடகரின் குரல் இழுபடும். சின்னப் பிள்ளைகள் முறை வைத்துச் சுற்றுவார்கள். நாங்கள் அந்தக் காலத்தைக் காதால் நினைவில் வைத்திருப்பதற்கு இந்த டைனமோவும் ஒரு காரணம்.

நூலகம் நிறுவனத்தின் இணைய ஆவணகத்தில் சிரித்திரன் இதழ்கள் பல வருடி வைக்கப்பட்டிருக்கின்றன. யாரும் இப்போதே போய்ப் பார்க்கலாம். ஒலிநாடாக்களின் நிலை அப்படியல்ல. தேர்தல் மெட்டுப் பாட்டுகளும் ஊர் வரவேற்புகளில் பதிவான மேளமும் பேச்சும் இன்னும் வீட்டு அலுமாரிகளில் பெயர்ச்சீட்டு இல்லாத கசெட்டுகளில் கிடக்கின்றன. நம் ஈரக் காற்றில் நாடா பூஞ்சணம் பிடிக்கும். அப்படி ஒன்று கையில் அகப்பட்டால் எறியாதீர்கள். யார் வந்த நாள், எந்த ஊர், யார் பாடியது என்று வீட்டில் மூத்தவர்களிடம் கேட்டு உறையில் எழுதி, எண்ணிம ஒலியாக மாற்றத் தெரிந்த ஒருவரிடம் கொடுங்கள்.